இணையத் தொலைபேசியும் அலுவலகத் தொலைபேசி அமைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையவழித் தொலைபேசிக்கு (விஓஐபி) மாறும் அலுவலகங்களில், சேவை நிறுவனம் அனுப்பும் விலைப்பட்டியலிலும் கருவியின் அமைப்புத் திரையிலும் அடிபடும் சொற்களைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஒரு சொல்லின் பொருளை மட்டும் தெரிந்துகொள்வதைவிட, அழைப்பின் எந்தக் கட்டத்தில் அது வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் கோளாறு வரும்போது கைகொடுக்கும். எனவே விடைகளில் அதற்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

விஓஐபி என்பது பழைய தொலைபேசியிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது?

பழைய தொலைபேசி வலையமைப்பில் இருவர் பேசத் தொடங்கியதும் அவர்களுக்கிடையே ஒரு பாதை ஒதுக்கப்படும். பேச்சு முடியும்வரை, இருவரும் மௌனமாக இருந்தாலும்கூட, அந்தப் பாதை வேறு யாருக்கும் தரப்படாது. இணையத்தில் அத்தகைய ஒதுக்கீடு கிடையாது. குரல் எண்களாக மாற்றப்பட்டு, பெரும்பாலும் 20 மில்லி நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு தரவுப் பொதிகளில் அடைக்கப்பட்டு, மின்னஞ்சலும் காணொளியும் செல்லும் அதே வழியில் அனுப்பப்படுகிறது. அதாவது, ஒரு நொடிப் பேச்சு ஒரு திசையில் 50 பொதிகளாகப் பயணம் செய்கிறது. அவை ஒவ்வொன்றும் தனித்தனியே செல்வதால் முந்தியும் பிந்தியும் வரலாம். சில வராமலே போகலாம். வோக்கல்டெக் நிறுவனம் 1995-ல் கணினிக்குக் கணினி பேசும் மென்பொருளை வெளியிட்ட காலத்தில் இந்தக் குறைகள் காதுக்கு நன்றாகவே தெரிந்தன. இன்று அவை பெரும்பாலும் தெரிவதில்லை என்றாலும், அடிப்படை முறை மாறவில்லை.

எஸ்ஐபி, ஆர்டிபி ஆகிய இரண்டும் ஒன்றா?

இல்லை. இப்பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஓர் அழைப்பில் இரண்டு தனி வேலைகள் நடக்கின்றன. யாரை அழைப்பது, மணி அடிக்கிறதா, எடுத்தார்களா, வைத்துவிட்டார்களா என்ற பேச்சுவார்த்தை ஒன்று. அதை நடத்துவது எஸ்ஐபி. குரலைச் சுமந்து செல்வது மற்றொன்று. அதைச் செய்வது ஆர்டிபி. எஸ்ஐபியின் இன்றைய வடிவம் 2002-ல் ஆர்எஃப்சி 3261 என்ற இணையத் தரமுறை ஆவணத்திலும், ஆர்டிபியின் இன்றைய வடிவம் 2003-ல் ஆர்எஃப்சி 3550 என்ற ஆவணத்திலும் வரையறுக்கப்பட்டன. எஸ்ஐபி வழக்கமாக 5060 என்ற போர்ட்டை (கருவிக்குள் ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல் எண்) பயன்படுத்துகிறது. மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் 5061. ஆர்டிபிக்கு அப்படி ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பெரிய எண் வரிசையிலிருந்து புதிய போர்ட் எடுக்கப்படும்.

அழைப்பு நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் இது தெளிவாகும். நீங்கள் எண்ணை அழுத்தியதும் உங்கள் கருவி ‘இன்வைட்’ என்ற செய்தியை அனுப்புகிறது. அதனுள்ளே, “எனக்கான குரலை இந்த முகவரியில், இந்தப் போர்ட்டில் பெற்றுக்கொள்வேன்; இந்த இந்தக் கோடெக்குகள் (குரலை எண்களாக்கும் முறைகள்) எனக்குத் தெரியும்” என்ற குறிப்பு இருக்கிறது. எதிர்முனை முதலில் 100 என்றும், மணி அடிக்கும்போது 180 என்றும், எடுத்தவுடன் 200 என்றும் பதில் அனுப்புகிறது. அந்த 200-இல் எதிர்முனை தன்னுடைய முகவரியையும் தான் தேர்ந்த கோடெக்கையும் சொல்லிவிடும். உங்கள் கருவி ‘ஆக்’ என்று ஒப்புதல் தந்த பிறகு பேச்சு தொடர்கிறது. யாராவது வைத்துவிட்டால் ‘பை’ என்ற செய்தி போகும். பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் எஸ்ஐபிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. குரல் பொதிகள் சர்வரைத் தொடாமல் இரு முனைகளுக்கிடையே நேராகச் செல்வதும் உண்டு.

மணியே அடிக்கவில்லை, அழைப்பு போகவில்லை என்றால் எஸ்ஐபியைப் பாருங்கள். மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், ஆனால் குரல் கேட்கவில்லை அல்லது உடைகிறது என்றால் எஸ்ஐபி தன் வேலையை முடித்துவிட்டது. ஆர்டிபி செல்லும் பாதையில்தான் தேட வேண்டும். ஆதரவு மையத்துக்குப் புகார் எழுதும்போது இந்த ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டாலே தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

அழைப்புப் பதிவேட்டில் 404, 486, 503 என்று வரும் எண்கள் எதைக் குறிக்கின்றன?

எஸ்ஐபி தன் பதில் எண்களை வலைத்தளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி முறையின் சாயலில் அமைத்துக்கொண்டது. 404 என்றால் அப்படி ஓர் எண் அங்கே இல்லை. பெரும்பாலும் நாட்டுக் குறியீடு விடுபட்டிருக்கும் அல்லது தேவையின்றிச் சேர்க்கப்பட்டிருக்கும். 486 என்றால் எதிர்முனை பேசிக்கொண்டிருக்கிறது. 603 என்றால் அழைப்பை மறுத்துவிட்டார்கள். 480 என்றால் அந்தக் கருவி இப்போது கிடைக்கவில்லை. 408 என்றால் பதிலே வரவில்லை. 503 வந்தால் சேவை நிறுவனத்தின் பக்கம் கோளாறோ இடநெருக்கடியோ இருக்கக்கூடும். 488 என்பது இரு பக்கத்துக்கும் பொதுவான கோடெக் அமையாதபோது வருவது.

401, 407 ஆகிய இரண்டைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. கடவுச்சொல்லைக் காட்டும்படி சர்வர் கேட்கிறது என்பதே அவற்றின் பொருள். சரியாக இயங்கும் ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும் அவை ஒருமுறை வரக்கூடும். அதே எண் திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே கடவுச்சொல் தவறு.

கோடெக் என்றால் என்ன? எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

குரலை எண்களாக மாற்றி, மறுமுனையில் மீண்டும் குரலாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஜி.711 என்பது 1972-லிருந்து இருந்துவரும் தரமுறை. அது நொடிக்கு 8,000 முறை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுவதால், 64 கிலோபிட் தேவைப்படுகிறது. இதில் ஏ-லா, மியூ-லா என இரு வகைகள் உண்டு. இரண்டாவது வகை வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும், முதல் வகை பிற நாடுகள் பெரும்பாலானவற்றிலும் வழங்குகிறது. ஜி.729 குரலைச் சுருக்கி வெறும் 8 கிலோபிட்டில் அடக்கிவிடுகிறது. ஜி.722 அதே 64 கிலோபிட்டில் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கொண்டுசெல்கிறது; பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் தந்தது. ‘எச்டி வாய்ஸ்’ என்று விளம்பரங்களில் வருவது இந்த வகை அகன்ற ஒலியே. 2012-ல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ், இணைய நிலைக்கேற்ப 6 முதல் 510 கிலோபிட் வரை தன்னை மாற்றிக்கொள்ளக்கூடியது.

விலைப்பட்டியலில் உள்ள கோடெக் எண்ணை அப்படியே வைத்து இணைய வேகத்தைக் கணக்கிடக் கூடாது. ஜி.711-இல் 20 மில்லி நொடிக் குரல் 160 பைட். ஆனால் அதன்மேல் ஆர்டிபிக்கு 12, இணையத்தில் பொதிகளைக் கொண்டுசேர்க்கும் முறைகளான யுடிபிக்கு 8, ஐபிக்கு 20 என மொத்தம் 40 பைட் தலைப்பு ஏறுகிறது. 200 பைட்டை நொடிக்கு 50 முறை அனுப்பினால் 80 கிலோபிட். அலுவலகக் கேபிள் வலையமைப்பான ஈதர்நெட்டின் பங்கையும் சேர்த்தால் ஏறத்தாழ 87. ஜி.729-இலோ குரல் 20 பைட், தலைப்பு 40 பைட். உள்ளிருக்கும் பொருளைவிட உறை இருமடங்கு. ஆகவே 8 கிலோபிட் என்று சொல்லப்படுவது உண்மையில் 24-க்கும் 31-க்கும் இடையில் வந்து நிற்கிறது. மிச்சம் இருக்கிறது, ஆனால் எட்டில் ஒரு பங்கு என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமே. இணைய இணைப்பு மிகவும் குறுகியதாக இருந்தாலொழிய, ஜி.711 அல்லது அதைவிடச் சிறந்ததையே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. சுருக்கிய குரலை வேறொரு சேவை மீண்டும் சுருக்கும்போது தரம் சரிவதை எந்த அமைப்பாலும் ஈடுகட்ட முடியாது.

எங்கள் இணையம் 100 மெகாபிட் வேகம் கொண்டது. பிறகும் குரல் ஏன் உடைகிறது?

குரலுக்கு வேகம் அதிகம் தேவையில்லை, ஒழுங்கு தேவை. பத்து அழைப்புகள் ஒரே நேரத்தில் நடந்தாலும் ஒரு திசையில் 1 மெகாபிட்கூட ஆகாது என்பது மேலே உள்ள கணக்கிலிருந்தே தெரியும். பார்க்க வேண்டியவை தாமதம், ஜிட்டர், பொதி இழப்பு ஆகிய மூன்று.

வாயிலிருந்து எதிர்முனைக் காதுக்குச் செல்ல ஆகும் நேரம் தாமதம். அது ஒரு திசையில் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்கு இடைஞ்சல் இராது என்றும், 400-ஐத் தாண்டும் வகையில் வலையமைப்பைத் திட்டமிடக் கூடாது என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. தாமதம் கூடினால் ஒருவர் பேசி முடிக்கும் முன்பே மற்றவர் தொடங்குவதும், இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவதுமாக உரையாடல் தடுமாறும்.

ஜிட்டர் என்பது தாமதத்தின் ஏற்ற இறக்கம். 20 மில்லி நொடி இடைவெளியில் புறப்பட்ட பொதிகள் 5, 40, 12 என்று தாறுமாறான இடைவெளியில் வந்து சேர்வதை அது அளக்கிறது. இதைச் சமன்செய்யப் பெறும் கருவி, வரும் பொதிகளைச் சற்று நேரம் தேக்கிவைத்து, சீரான இடைவெளியில் ஒலிக்கச் செய்கிறது. அந்தத் தேக்கமே ஜிட்டர் பஃபர். அதைப் பெரிதாக்கினால் உடைசல் குறையும், தாமதம் கூடும். இரண்டையும் ஒருசேரக் குறைக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. பஃபரின் அளவைத் தாண்டிப் பிந்தி வரும் பொதி, வந்து சேர்ந்தாலும் வராததற்குச் சமம்.

அலுவலகங்களில் நான் அதிகம் காணும் காரணம், பதிவேற்றும் பாதை நிரம்பிவிடுவது. யாரோ ஒருவர் பெரிய கோப்பை மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கியதும், ரவுட்டரின் வாசலில் அந்தக் கோப்பின் பொதிகளுக்குப் பின்னால் குரல் பொதிகள் காத்து நிற்கின்றன. அப்போது உங்களுக்கு எதிர்முனையின் குரல் தெளிவாகக் கேட்கும். அவர்களுக்கு உங்கள் குரல் மட்டும் வெட்டி வெட்டிக் கேட்கும். வேகச் சோதனைத் தளம் இதைக் காட்டாது, ஏனென்றால் அந்தச் சோதனையைச் செய்யும் நேரத்தில் பெரும்பாலும் அந்தப் பதிவேற்றம் முடிந்திருக்கும்.

இதற்குத்தான் கியூஓஎஸ் என்கிறார்களா?

ஆம். குரல் பொதிகளை முதலில் அனுப்பு என்று ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் (அலுவலகக் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) சொல்லிவைக்கும் ஏற்பாடு அது. ஒவ்வொரு ஐபி பொதியின் தலைப்பிலும் டிஎஸ்சிபி என்ற சிறு இடம் இருக்கிறது. குரலுக்கு அதில் 46 என்று குறிப்பது வழக்கம். ஆனால் அந்தக் குறியீடு உங்கள் கட்டடத்துக்குள் மட்டுமே உறுதியாக மதிக்கப்படும். பொது இணையத்தில் நுழைந்தபின் யாரும் அதைப் பொருட்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. தொலைபேசிகளுக்கெனத் தனி விலேன் அமைப்பது இதனோடு சேர்ந்து செய்யப்படுவது. கணினிகளின் போக்குவரத்தும் தொலைபேசிகளின் போக்குவரத்தும் ஒரே கேபிளில் சென்றாலும் பிரித்து நடத்தப்படும்.

எம்ஓஎஸ் மதிப்பெண் எதைச் சொல்கிறது?

குரலின் தரத்தை 1 முதல் 5 வரையிலான அளவில் சொல்கிறது. முன்பு ஆட்களை அமரவைத்துக் கேட்கச் செய்து மதிப்பெண் வாங்கினார்கள்; இப்போது தாமதம், இழப்பு, கோடெக் ஆகியவற்றிலிருந்து மென்பொருளே கணித்துவிடுகிறது. எந்த இழப்பும் இல்லாத ஜி.711 அழைப்புக்கே இந்தக் கணிப்பில் ஏறத்தாழ 4.4-தான் கிடைக்கும் என்பதால், 4.2 என்பதைக் கண்டு குறைபட வேண்டாம்.

ஒருவருக்கு மட்டும் குரல் கேட்கிறது, மற்றவருக்குக் கேட்கவில்லை. ஏன்?

இது இணையத் தொலைபேசியின் மிகப் பழைய நோய். காரணம் பெரும்பாலும் நாட் எனப்படும் முகவரி மாற்றம்.

உங்கள் மேசையிலுள்ள தொலைபேசியின் முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். இது அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. வெளியே செல்லும்போது ரவுட்டர் இதைப் பொது முகவரியாக மாற்றுகிறது. சிக்கல் என்னவென்றால், ரவுட்டர் மாற்றுவது பொதியின் வெளித் தலைப்பில் உள்ள முகவரியை. எஸ்ஐபி செய்தியின் உள்ளே, “எனக்கான குரலை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்” என்று தொலைபேசி எழுதிய 192.168.1.20 அப்படியே இருந்துவிடுகிறது. எதிர்முனை அந்த முகவரிக்குக் குரலை அனுப்பினால் அது எங்கும் போய்ச் சேராது. மணி அடிக்கும், எடுப்பார்கள், உங்கள் குரல் அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் குரல் உங்களுக்குக் கேட்காது.

இதைத் தீர்க்கப் பல வழிகள் உள்ளன. தன் பொது முகவரி என்ன என்று வெளியிலுள்ள சர்வரிடம் தொலைபேசியே கேட்டு அறிவது ஸ்டன். நேரடிப் பாதை எதுவும் அமையாதபோது நடுவில் ஒரு சர்வர் குரலை வாங்கிக் கடத்துவது டர்ன். இருக்கும் வழிகளையெல்லாம் முயன்று பார்த்து இயங்குவதைத் தேர்ந்தெடுப்பது ஐஸ். வணிகச் சேவைகளில் பெரும்பாலும் எஸ்பிசி என்ற எல்லைக் கருவி இந்தப் பொறுப்பை ஏற்கிறது: செய்தியில் எழுதியிருப்பதை நம்பாமல், குரல் உண்மையில் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அதே முகவரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

இன்னொன்றும் உண்டு. பல ரவுட்டர்களில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற அமைப்பு தொடக்கத்திலேயே இயக்கத்தில் இருக்கும். எஸ்ஐபி செய்திக்குள் புகுந்து முகவரியைத் திருத்தி உதவுவதே அதன் நோக்கம். ஆனால் அரைகுறையாகத் திருத்தி, சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவது அதன் வழக்கமாகிவிட்டது. முதலில் அதை நிறுத்திவிட்டுப் பிறகு மற்றவற்றைச் சோதியுங்கள்.

அழைப்பு ஒவ்வொரு முறையும் 32 நொடியில் துண்டிக்கப்படுகிறது. இது தற்செயலா?

அல்ல, அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. எதிர்முனை எடுத்ததும் அனுப்பும் 200-க்கு ‘ஆக்’ என்ற ஒப்புதல் வந்தாக வேண்டும். வராவிட்டால் அது 200-ஐ மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும். அடிப்படைக் கால அளவான அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி கழிந்தும் ஒப்புதல் வராவிட்டால் அழைப்பை முடித்துக்கொள்ளும். அந்த 32 நொடியும் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதால்தான் பலர் இணைய வேகத்தைச் சந்தேகித்துக் காலத்தை வீணாக்குகிறார்கள். ஒப்புதல் செய்தி வழியில் எங்கோ தவறுகிறது. மறுபடியும் நாட் அல்லது வெளித்தொடர்பை வடிகட்டும் ஃபயர்வால்.

இதற்கு உறவான மற்றொரு குறி: நீங்கள் அழைத்தால் போகிறது, ஆனால் சில நிமிடம் கழித்து உங்களுக்கு வரும் அழைப்புகள் மட்டும் வருவதில்லை. உங்கள் தொலைபேசிக்காக ரவுட்டர் திறந்துவைத்த வழி, பயன்பாடின்றி இருந்ததால் மூடப்பட்டுவிட்டது. சிறு இடைவெளியில் உயிர்ச் செய்திகளை அனுப்பும் ‘கீப்-அலைவ்’ அமைப்பை இயக்கினால் சரியாகும்.

பிபிஎக்ஸ், ஐபி பிபிஎக்ஸ், ஹோஸ்டட் பிபிஎக்ஸ் ஆகியவற்றுக்குள் என்ன வேறுபாடு?

அலுவலகத்துக்குள் உள்ள தொலைபேசிகளைத் தமக்குள்ளும் வெளி இணைப்புகளோடும் இணைக்கும் கருவி பிபிஎக்ஸ். இபிஏபிஎக்ஸ் என்றும் சொல்வார்கள். அதே வேலையைக் கணினி வலையமைப்பின் வழியே செய்வது ஐபி பிபிஎக்ஸ். மார்க் ஸ்பென்சர் 1999-ல் எழுதத் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருள், சாதாரணக் கணினியையே பிபிஎக்ஸாக மாற்றிக்காட்டியது. இன்று விற்கப்படும் பல அமைப்புகளின் அடியில் இருப்பது அதுதான்.

ஹோஸ்டட் பிபிஎக்ஸ் அல்லது கிளவுட் பிபிஎக்ஸ் என்றால் அந்தச் சர்வர் சேவை நிறுவனத்தின் இடத்தில் இருக்கும். உங்களிடம் தொலைபேசிகள் மட்டும் இருக்கும். பராமரிப்புத் தொல்லை குறையும், ஆள்கணக்கில் மாதக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். இணையம் அறுந்தால் பக்கத்து அறைக்குக்கூட அழைக்க முடியாமல் போகலாம் என்பதை விற்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை.

எக்ஸ்டென்ஷன், டிஐடி, டிரங்க், சேனல் என்பவற்றைக் குழப்பிக்கொள்கிறோம்.

எக்ஸ்டென்ஷன் என்பது அமைப்புக்குள் ஒருவரை அழைக்கும் குறு எண். டிஐடி என்பது வெளியிலிருந்து நேராக ஒரு எக்ஸ்டென்ஷனையோ ஒரு பிரிவையோ அடையும் முழு எண். இவ்விரண்டும் எண்கள். டிரங்க் என்பது உங்கள் பிபிஎக்ஸுக்கும் பொதுத் தொலைபேசி வலையமைப்புக்கும் இடையிலான இணைப்பு. அதில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம் என்பதே சேனல் எண்ணிக்கை. நூறு டிஐடி எண்கள் வாங்கிவிட்டு ஐந்து சேனல் மட்டும் வைத்திருந்தால், ஆறாவது நபர் எந்த எண்ணை அழைத்தாலும் அவருக்கு இடம் இல்லை.

முன்பு பிஆர்ஐ என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பாக வாங்கும்போது சேனல்கள் கொத்தாகத்தான் வந்தன: இ1 வகையில் 30, டி1 வகையில் 23. எஸ்ஐபி டிரங்கில் தேவைக்கேற்ப ஒன்றிரண்டாகக்கூடக் கூட்டிக்கொள்ளலாம்.

எத்தனை சேனல் வாங்குவது?

ஊழியர் எண்ணிக்கையைப் பார்த்து ஊகிக்காமல், உச்ச நேரத்தில் வரும் அழைப்புகளை எண்ணுங்கள். உச்ச நேரமான ஒரு மணியில் 100 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் என்றால் 300 நிமிடப் பேச்சு. 60-ஆல் வகுத்தால் 5. இந்த அலகுக்கு எர்லாங் என்று பெயர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங் என்ற டேனிஷ் கணிதவியலாளர் 1917-ல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

5 எர்லாங் என்பதால் 5 சேனல் போதும் என்று நினைத்தால், அழைப்புகளில் கால்பங்குக்கும் மேல் இடமின்றித் திரும்பிவிடும். அழைப்புகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. திரளாக வருகின்றன, பிறகு ஓய்கின்றன. நூற்றுக்கு ஒன்றுக்குக் குறைவாகவே திரும்ப வேண்டும் என்றால் 11 சேனல் வேண்டும். அழைப்புகள் இருமடங்காகி 10 எர்லாங் ஆனால் 22 வேண்டாம், 18 போதும். கூட்டம் பெருகப் பெருகச் சேனல்கள் சிக்கனமாகப் பயன்படுகின்றன. இரண்டு கிளைகளுக்குத் தனித்தனி டிரங்க் வாங்காமல் பொதுவாக ஒன்றை வாங்குவதன் இலாபம் இங்கேதான் இருக்கிறது.

எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்று இரண்டு துளைகள் உள்ளன. எதில் எதைச் செருகுவது?

எஃப்எக்ஸ்எஸ் துளை டயல் ஒலியையும் மின்சாரத்தையும் தருவது. அதில் தொலைபேசியைச் செருக வேண்டும். எஃப்எக்ஸ்ஓ அவற்றைப் பெறுவது. அதில் வெளியிலிருந்து வரும் பழைய தொலைபேசிக் கம்பியைச் செருக வேண்டும். மாற்றிச் செருகினால் எஃப்எக்ஸ்எஸ் துளையும் கம்பியும் ஒன்றின்மேல் ஒன்று மின்னழுத்தம் செலுத்தும். கருவி பழுதாகவும் கூடும். பழைய தொலைபேசி ஒன்றை இணையத்தில் இணைக்கும் சிறு பெட்டியான ஏடிஏவில் இருப்பது எஃப்எக்ஸ்எஸ்.

ஐவிஆர், ஆட்டோ அட்டெண்டன்ட், ரிங் குரூப், கியூ: எது எதற்கு?

“விற்பனைக்கு 1, கணக்குப் பிரிவுக்கு 2” என்று சொல்லித் திருப்பிவிடுவது ஆட்டோ அட்டெண்டன்ட். அழைப்பவர் அழுத்தும் எண்ணை வைத்துத் தரவுத்தளத்தில் தேடி, நிலுவைத் தொகையைச் சொல்வது போன்ற வேலைகளையும் செய்தால் அது ஐவிஆர். விலைப்பட்டியல்களில் முதலாவதற்கு இரண்டாவதன் பெயரைச் சூட்டி விற்பது சகஜம். தரவுத்தள இணைப்பு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரிங் குரூப்பில் பல தொலைபேசிகள் ஒருசேர மணி அடிக்கும். ஒன்றன்பின் ஒன்றாக அடித்தால் ஹண்ட் குரூப் என்பார்கள். யாரும் எடுக்காவிட்டால் இரண்டிலும் அழைப்பு வேறெங்காவது போகும் அல்லது முடிந்துவிடும். கியூ அப்படியல்ல, ஆள் கிடைக்கும்வரை அழைப்பவரை இசையோடு காத்திருக்க வைத்து, வரிசைப்படி அனுப்புகிறது. இரண்டு பேர் மட்டுமே அழைப்பெடுக்கும் சிறு அலுவலகத்துக்குக் கியூ தேவையில்லை என்பேன். காத்திருக்க வைப்பதைவிடத் திருப்பி அழைப்பதாகச் சொல்வது மரியாதை.

பிளைண்ட் டிரான்ஸ்ஃபர், அட்டெண்டட் டிரான்ஸ்ஃபர், பார்க், பிக்கப்?

பிளைண்ட் முறையில் யாரிடமும் கேட்காமல் அழைப்பைத் தள்ளிவிடுகிறோம். அட்டெண்டட் முறையில் முதலில் அவரிடம் பேசி, ஒப்புக்கொண்டபின் மாற்றுகிறோம். பார்க் என்பது அழைப்பை ஒரு பொது எண்ணில் நிறுத்திவைத்து, எந்தத் தொலைபேசியிலிருந்தும் எடுத்துக்கொள்ள வழி செய்வது. பக்கத்து மேசையில் அடிக்கும் மணியை உங்கள் இடத்திலிருந்தே எடுப்பது பிக்கப். தொலைபேசியில் சகஊழியர் பேசுகிறாரா என்று காட்டும் சிறு விளக்கு பிஎல்எஃப்.

“1-ஐ அழுத்தவும்” என்றால் அழுத்துகிறோம், அமைப்பு கேட்பதில்லை. ஏன்?

1963-ல் பெல் நிறுவனம் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த டிடிஎம்எஃப் முறையில் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளின் சேர்க்கை. 1 என்பது 697, 1,209 ஹெர்ட்ஸ் ஒலிகளின் சேர்க்கை. ஜி.729 போன்ற சுருக்கும் கோடெக்குகள் மனிதக் குரலுக்காக உருவானவை என்பதால், அந்த ஒலிகளைச் சிதைத்துவிடுகின்றன. ஆகவே அவற்றை ஒலியாக அனுப்பாமல், “1 அழுத்தப்பட்டது” என்ற தகவலாக ஆர்டிபியிலேயே தனிப் பொதியில் அனுப்பும் வழி வந்தது. அமைப்புத் திரையில் ஆர்எஃப்சி 2833 என்றோ, அதற்குப் பின் வந்த 4733 என்றோ இருக்கும். இரு பக்கமும் அதையே தேர்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் ‘இன்பேண்ட்’ (ஒலியாகவே அனுப்பும் முறை), மறு பக்கம் 2833 என்று இருந்தால் பொத்தான் அழுத்தம் காற்றோடு போகும். ஃபேக்ஸுக்கும் இதே கதைதான்: அதற்கெனத் தனியாக டி.38 என்ற முறை இருக்கிறது.

எங்கள் அமைப்பு பாதுகாப்பானதா?

கேட்க வேண்டிய இரண்டு சொற்கள் டிஎல்எஸ், எஸ்ஆர்டிபி. முதலாவது எஸ்ஐபி செய்திகளை மறைக்கிறது, இரண்டாவது குரலை. எஸ்ஆர்டிபியின் சாவி பல அமைப்புகளில் எஸ்ஐபி செய்திக்குள்ளேயே செல்வதால், டிஎல்எஸ் இல்லாத எஸ்ஆர்டிபியில் பூட்டும் திறவுகோலும் ஒருசேர வெளியே கிடக்கின்றன.

ஆனால் ஒட்டுக்கேட்பதைவிட அன்றாட ஆபத்து கட்டண மோசடி. 5060 போர்ட்டைத் திறந்துவைத்த எந்தச் சர்வரையும் தானியங்கி நிரல்கள் சிறிது நேரத்தில் கண்டுபிடித்து, எக்ஸ்டென்ஷன் 101-க்குக் கடவுச்சொல்லும் 101-தானா என்று முயலத் தொடங்கிவிடும். உள்ளே நுழைந்தால், ஆள் இல்லாத வார இறுதி இரவில், அதிகக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு எண்களுக்கு இடைவிடாமல் அழைப்புகள் போகும்; பில் உங்கள் பெயரில் வரும். தேவையில்லாத நாடுகளை முடக்குங்கள், நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று செலவு வரம்பு வையுங்கள், கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள். இவற்றில் செலவு வரம்புதான் மற்றவை தோற்றாலும் காப்பது.

மின்சாரமோ இணையமோ நின்றால் தொலைபேசி இயங்குமா? அவசர எண்ணை அழைக்க முடியுமா?

பழைய தொலைபேசிக்குக் கம்பி வழியாகவே மின்சாரம் வந்தது, இதற்கு வராது. பிஓஇ ஸ்விட்ச் (வலையமைப்புக் கேபிளிலேயே மின்சாரமும் தருவது) வழியே மின்சாரம் பெறும் தொலைபேசிகள் என்றால், அந்த ஸ்விட்சையும் ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் இணைத்தால் தாக்குப்பிடிக்கும். 2003-ல் வந்த 802.3ஏஎஃப் தரமுறையில் ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும். மேசைத் தொலைபேசிகள் பெரும்பாலானவற்றுக்கு அது போதும். இணையம் நின்றால் அழைப்புகளைக் கைபேசி எண்ணுக்குத் திருப்பும் ஏற்பாட்டைச் சேவை நிறுவனத்திடம் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும்.

அவசர அழைப்பில் வேறொரு சிக்கல் உண்டு. கம்பித் தொலைபேசி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பது வலையமைப்புக்குத் தெரியும். இணையத் தொலைபேசியை எடுத்துச் சென்று வேறு ஊரில் செருகினாலும் அதே எண்ணில் இயங்கும். அவசர உதவி மையத்துக்கோ, நீங்கள் பதிவுசெய்த பழைய முகவரிதான் போய்ச் சேரக்கூடும். ஆகவே அலுவலகம் இடம் மாறும்போதும், ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கும்போதும், அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். அவசர எண்ணை அந்தச் சேவை இணைத்துத் தருகிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாச் சேவைகளும் தருவதில்லை.

பழைய எண்ணை வைத்துக்கொண்டே சேவையை மாற்றலாமா?

பல நாடுகளில் முடியும். போர்ட்டிங் என்பது அதுதான். புதிய நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய பில்லில் உள்ள பெயரும் முகவரியும் விண்ணப்பத்தில் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். தாமதங்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் தொடக்கம். எண் புதிய இடத்தில் மணி அடிப்பதை வெளியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பார்க்கும்வரை பழைய இணைப்பை ரத்துசெய்யச் சொல்லாதீர்கள். ரத்தான எண்ணை மாற்றித் தருவது பெரும்பாலும் கடினம்.